எட்டு வீட்டிலும் தே ஓ

அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி ஒருவர் காலங்காத்தாலே எதற்காக லயத்து எட்டு வீட்டிலும் ஏறி இறங்கி, பால் இல்லாத தே ஓ குடிக்க வேண்டும்? அந்த லயத்துப் பாஞ்சாலையிடம் அன்றைக்கு இதற்குப் பதில் இல்லை. சந்தேகம் மட்டும் நிறைய இருந்தது.

நீலாவதி மிஸ்ஸி தானா ராத்தா டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தேயிலைச் செடிகள் பனியில் பாதி மறைந்திருக்கும். ஆட்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்து முனையில் மோட்டாரின் சத்தம் நிற்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முதல் வீட்டுக்குள் நுழைந்து, "தண்ணி கொதிச்சிருச்சா?" என்பார். கொதித்துவிட்டது என்று சொன்னாலும் கேத்தலைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டுக்கொண்டு விரலை உதறியபடியே, "ம்ம், உண்மைதான்" என்பார்.

யார் சொன்னாலும் எதையும் நம்பாதவர் அவர். பிள்ளைக்கு மருந்து கொடுத்தாயா என்று தாயிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பிள்ளையிடம் குனிந்து, "மருந்து இனிப்பா, கசப்பா?" என்பார். பிள்ளை விழித்தால் தாய் மாட்டினாள். இனிப்பு நீர் வியாதிக்காரரான தங்கராஜு, "சீனிய விட்டுட்டேன் மிஸ்ஸி, சாமி சத்தியமா" என்று நெஞ்சில் கை வைத்தார். மிஸ்ஸி அவர் குடித்து வைத்த கோப்பையைச் சாய்த்தார். அடியில் சீனி கரையாமல் கிடந்தது. "சாமிக்கு வேற வேல இல்ல பாரு, உங்க வீட்டுல வந்து சீனி கொட்டிட்டுப் போயிருக்கு."

இப்படிப்பட்டவர் ஒரு வீட்டையும் விடாமல் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் தே ஓ வாங்கி, ஒவ்வொன்றையும் குறை சொல்லிக் குடித்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "தேத்தூள் காட்டுல இருந்துக்கிட்டு இப்படியா போடுவீங்க" என்பார். ஆனால் மறுநாளும் வந்துவிடுவார்.

பாஞ்சாலை தேயிலை மில்லில் தூசி கூட்டுகிறாள். அந்தத் தூசியில் அவளுக்கு இருமல் பிடித்து நாளாகிவிட்டது. கணவன் வீரப்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். மகன் குகனேஸ்வரன் கம்போங் ராஜாவில் பூத்தோட்ட வேலைக்குப் போய்விட்டான். எஸ்டேட்டில் வேலைக்கு ஆள் இல்லாத குடும்பம் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் வேலை போனால் வீடும் போகும். போன வருஷம் பின் லயத்தில் ஒருத்தர் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். அந்தக் குடும்பத்தின் கட்டிலும் பீரோவும் லோரியில் ஏறியதை அவள் நின்று பார்த்தவள்.

அதனால் மிஸ்ஸியின் மோட்டார் சத்தம் கேட்டாலே பாஞ்சாலை வாயில் கற்கண்டைப் போட்டுக்கொள்வாள். மிஸ்ஸி எதிரே உட்கார்ந்திருக்கும்வரை இருமல் தொண்டையில் முட்டும். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். அதை அடக்கிக்கொண்டு சிரிப்பாள்.

"கண்ணு ஏன் கலங்குது?"

"வெங்காயம் மிஸ்ஸி."

மிஸ்ஸி அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. "வெங்காயத்த எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்று பாஞ்சாலை வீரப்பனிடம் சொன்னாள்: "இந்தப் பொம்பள தண்ணி குடிக்க வரலங்க. யாருக்கு என்ன சீக்குன்னு எஸ்டேட் ஆபீஸ் கிராணிகிட்ட போய் சொல்லி வெக்கிது. நீங்க வேணும்னா பாருங்க."

"கிராணி தே ஓ வாங்கித் தரமாட்டான்னு நம்ம வீட்டுல குடிக்கிதா?" என்று வீரப்பன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பாஞ்சாலை காத்திருந்தாள். மிஸ்ஸி அவள் வீட்டில் குடித்து முடித்துக் கிளம்பியதும், வாளியை எடுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கமாக நடந்தாள். ஒவ்வொரு வீட்டுச் சன்னலையும் கடந்தாள். எல்லா வீட்டிலும் மிஸ்ஸி இருந்த நேரம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் கோப்பைச் சத்தம் கேட்கவில்லை. சன்னல் இடுக்கில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள்.

அந்த வீட்டு ஆண்பிள்ளை, தோட்டத்தில் உரமூட்டை தூக்குகிறவர், பள்ளிப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தார். மிஸ்ஸி உள்ளே டார்ச் அடித்தார்.

"நாக்கத் தூக்குங்க. அந்தப் பக்கம். முழுங்கிட்டேன்னு வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"முழுங்கிட்டேன் மிஸ்ஸி. இன்னும் எத்தன நாளைக்கு? இப்பதான் நல்லாயிட்டேனே."

"நல்லான மாதிரி தெரியும். இப்ப உங்ககிட்டயிருந்து யாருக்கும் தொத்தாது, அது வரைக்கும் சரி. நடுவுல விட்டா காசநோய் திரும்ப வரும். அப்ப இந்த மாத்திரைக்கு அடங்காது. முழுசா ஆறு மாசம் சாப்பிடணும்."

"கிளினிக்குக்கு தினமும் வந்தா கேப்பாங்க. நீங்க இங்க தினமும் வந்தாலும் கேப்பாங்க. லயத்துக்குத் தெரிஞ்சா பைப்புல தண்ணி பிடிக்க விடமாட்டாங்க. அப்பறம் வேலை, அப்பறம் வீடு..."

"அதுக்குத்தான எல்லா வீட்டுலயும் கண்டதக் குடிச்சு வயித்தக் கெடுத்துக்கிறேன்? உங்க வீட்டுக்கு மட்டும் வந்தா கண்ணுக்குத் தெரியும். எல்லா வீட்டுக்கும் வந்தா நான் ஒரு ஓசித் தண்ணி மிஸ்ஸி, அவ்வளவுதான் லா."

பாஞ்சாலை சன்னலை விட்டு விலகினாள். வாளியோடு திரும்பினாள். பைப்படியில் வேலம்மா நின்றிருந்தாள். லயத்தில் காதும் வாயும் அதிகம் உள்ளவள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள்.

"என்னக்கா எட்டிப் பாத்துட்டு வர்றீங்க? அங்க டார்ச் வெளிச்சம் தெரியுது. அந்த வீட்டுல என்ன சீக்கு?"

பாஞ்சாலைக்கு லோரியில் ஏறிய கட்டில் கண்முன் வந்தது. மற்றவர் வீட்டைக் காட்டிக் கொடுத்தால் பேச்சு தன் வீட்டுப் பக்கம் வராது என்ற நினைப்பும் வந்தது, போனது.

"சீக்கா? மிஸ்ஸி பல்லு பாக்குதுடி. நேத்து எனக்கும் பாத்துச்சு. உனக்குப் பாக்கலையா?" என்றாள். வேலம்மா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உடனே பாஞ்சாலை வாளியைக் கீழே வைத்துவிட்டு, நடு வெளியில், எல்லோரும் பார்க்க வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

திறந்த வாயில் பனிக்காற்று போனதும், அடக்கி வைத்திருந்த இருமல் அத்தனையும் வெளியே வந்தது. குனிந்து குனிந்து இருமினாள். அந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மிஸ்ஸி, அவள் சொன்னதையும் கேட்டார், இருமலையும் கேட்டார்.

மிஸ்ஸி நேராக வந்தார். பாஞ்சாலையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, டார்ச் அடித்தார்.

"நேத்தே சொன்னேன்ல, கடவாப்பல்ல பிடுங்கணும்னு?" என்றார் சத்தமாக. அப்புறம் வேலம்மாவைப் பார்த்து, "உன் வாயையும் காட்டு. வரிசையா வாங்க" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பாஞ்சாலையின் காதோரம் தாழ்ந்த குரலில், "நாளைக்குச் சளி எடுத்து வை, டெஸ்டுக்கு அனுப்பணும். கிராணிக்கு நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார்.

பார்த்தது போதும் என்று மிஸ்ஸி கையை எடுத்த பிறகும் பாஞ்சாலை வாயை மூடவில்லை. பெண்கள் எல்லோரும் அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீட்டுக் கதவுக்கு உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்கும்வரை அப்படியே திறந்துகொண்டு நின்றாள்.

படித்தவர்கள் இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எந்த வீடு என்று அவர்கள் கேட்டால், எட்டு வீட்டையும் சொல்லுங்கள்.