காகத்துக்கு வைத்ததைக் கரடி தின்றது

சிவபூசையில் கரடி புகுந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். எங்கள் வீட்டில் அது உண்மையாகவே புகுந்தது. ஆடி அமாவாசைக்கு மாமாவை, அதாவது என் கணவரின் தகப்பனை, நினைத்துப் படைத்துவிட்டு, காகத்துக்கென்று ஓர் இலைத்துண்டில் சோறும் மரக்கறியும் வடையும் தோட்டத்துக் கொட்டிலின் கூரையில் வைத்தேன். "கா, கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஹனோவர்க் காகங்களுக்குத் தமிழ் விளங்காதோ என்னவோ, ஒன்றும் வரவில்லை. வேலியால் ஏறி வந்தது பூனையைவிடப் பெரிய ஒரு பிராணி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கள்ளனின் முகமூடி மாதிரி. வடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், மழைத்தண்ணீர் வாளியில் கழுவிக் கழுவித் தின்றது.

பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வாஷ்பேர்! வாஷ்பேர்!" என்று சந்தோஷப்பட்டார். ரக்கூனுக்கு இங்கே அதுதான் பெயர். வாஷ் என்றால் கழுவுவது, பேர் என்றால் கரடி. எனக்கு அது போதும். உடனே யாழ்ப்பாணத்துக்கு அக்காவை ஃபோனில் கூப்பிட்டு, அமாவாசைப் படையலைக் கரடி தின்றுவிட்டது என்றேன்.

"எடியே, ஜெர்மனிக்குப் போயும் உனக்குக் கரடி விடுற பழக்கம் போகேல்லையே?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

என் கணவர் சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு வைச்சது போய்ச் சேர்ந்துதோ தெரியேல்லை" என்றார்.

வடை ருசி கண்ட கரடி சும்மா இருக்குமா? இலையுதிர் காலத்தில் தண்ணீர்க் குழாயால் ஏறி, ஓட்டை நெம்பி, எங்கள் கூரைக்குள் குடிவந்துவிட்டது. பகலெல்லாம் நித்திரை. நாங்கள் படுக்கிற நேரத்தில் அதற்கு விடியும். ஓட்டில் தொம் தொம் என்று நடக்கும்.

அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. சத்தம் கேட்டால் என் கணவர் எழும்பிக் காற்சட்டையை மாட்டி, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன் கதவடியில் போய் நிற்பார். விடியுமட்டும் நிற்பார். ஊரில் சண்டைக் காலத்தில் அவருடைய அண்ணையைப் பிடிக்க வந்தபோது முதலில் கேட்டது ஓட்டில் ஆள் நடக்கிற சத்தம்தானாம். அண்ணை அதன் பிறகு வரவில்லை. ஆனால் "பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் இவர் வாயில் வந்தது கிடையாது. அதனால் அண்ணைக்குத் திவசம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை, அமாவாசைக்கு இலை இல்லை. அண்ணி இன்றும் பொட்டு வைக்கிறார்.

இவர் பஸ் ஓட்டுகிறவர். நித்திரை இல்லாமல் எத்தனை நாளைக்கு ஓட்டுவது? ஒருநாள் தரிப்பிடத்தில் சனம் கை காட்டிக்கொண்டு நிற்க, நிறுத்தாமல் போய்விட்டார். கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் வீட்டிலை இருக்கச் சொல்லுவாங்கள்" என்று வந்து சொன்னார். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். தும்புத்தடியால் சீலிங்கை இடித்தேன். ரேடியோவை உரக்கப் போட்டேன். கடைசியில் ஒரு சட்டியில் செத்தல் மிளகாயைக் கருக்கி, கூரைக்குள் போகிற மூடியடியில் பிடித்தேன். கரடிக்கு ஒன்றும் ஆகவில்லை. புகை அலாரம் அலறி, வரிசை வீடுகள் முழுக்க இருமிக்கொண்டு வெளியே வந்தன.

அதில்தான் குடியிருப்பாளர் கூட்டம் கூடியது. எங்கள் கூரையில் மட்டும் இல்லை, இன்னும் சில கூரைகளிலும் கரடி இருந்ததாம். வேட்டைக்கு விடுவதா, வேண்டாமா என்று ஒரே சண்டை. நாசமான கூரையைத் திருத்த எவ்வளவு போனது என்று ஒருவர் கத்தினார். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் துவக்கால் சுடுவதா என்று ஒரு தாய் எழும்பினார். காட்டை வெட்டி வீடு கட்டியது நாங்கள்தானே, அது எங்கே போகும் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். இன்னொருவர், அது இந்த நாட்டுப் பிராணியே இல்லை, எங்கிருந்தோ வந்து பெருகிப் போய்க் கிடக்கிறது என்றார். எல்லோரும் ஒருதரம் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சுவரைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது.

நகரத்து வேட்டைக்காரியும் வந்திருந்தாள். பச்சைச் சட்டை, எங்களுக்கு மகளாகிற வயசு இருக்கும். குடியிருப்புக்குள் ஒரு வெடிகூடக் கேட்காது, கூடு வைத்துப் பிடிப்போம், பிறகு என்ட்நாமெ என்றாள்.

"என்னவாம்?" என்று இவர் என் காதுக்குள் கேட்டார். வேகமாகப் பேசினால் ஜெர்மன் இவருக்குப் பிடிபடாது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் இடம்தான். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. டொக்டரிடம் இரத்தம் எடுப்பதற்குப் பெயர் ப்ளூட் என்ட்நாமெ. என்ட்நாமெ என்றால் எடுப்பது. அதைத்தான் சொன்னேன்.

"கூட்டிலை பிடிச்சு எடுத்துக்கொண்டு போவினமாம்."

"கொண்டுபோய்க் காட்டிலை விடுவினமோ?"

"ஓம், வேறை என்ன செய்யிறது?"

இவர் முகம் தெளிந்தது. வேட்டைக்குச் சம்மதமானவர்கள் கை தூக்குங்கள் என்றபோது முதலில் தூக்கிய கை இவருடையது. பக்கத்து வீட்டு அம்மா எங்களைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. இந்த மனுசிக்கு என்ன வந்தது என்றுதான் நினைத்தேன்.

தண்ணீர்க் குழாயடியில் கூடு வைத்தார்கள். இனிப்பாக ஏதாவது வைக்கச் சொன்னாள் வேட்டைக்காரி. இவர் கேட்கவில்லை. "அதுக்கு வடைதான் விருப்பம்" என்று என்னைக் கொண்டு சுடுவித்தார். அடுத்த நாள் காலை கரடி கூட்டுக்குள் இருந்தது. கம்பிக்குள்ளால் கையை நீட்டி எதையோ தேடியது. குழந்தைப் பிள்ளையின் கை மாதிரி விரல்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தேன். இவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்.

"பயணம் போறவரை வெறும் வயித்தோடை அனுப்பக்கூடாது" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் பகிடி விட்டார்.

வேட்டைக்காரி வந்ததும் இவர், எந்தக் காட்டில் விடப் போகிறாய் என்று தன்னுடைய ஜெர்மனில் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள். விடுவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. என்ட்நாமெ என்றால் சுடுவது. தூரத்தில் கொண்டுபோய், ஒரே வெடி, வலிக்காது. சுடுவதைச் சுடுவது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு?

இவர் கோபிக்கவில்லை. கூட்டடியில் குந்தியிருந்தவர் நிமிர்ந்து, அவளிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். சொல் சொல்லாகக் கேட்டார்.

"பிடித்துக்கொண்டு போனால், ஒன்றைக்கூடத் திரும்ப விடுவதில்லையா?"

"இல்லை" என்றாள். "ஒருபோதும் இல்லை."

அவள் பாவம், கரடியைப் பற்றித்தான் சொன்னாள். இவர் தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டார். வேன் போன பிறகு கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

கூரை அமைதியாகிவிட்டது. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவர் கதவடிக்குப் போகாமல் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரையா, இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மாசக்கணக்காக என்னோடு கதைக்கவில்லை. கூரைக்குள் எலி ஓடினால்கூட நல்லது என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்ற கணக்காய், தேய்த்த சட்டியையே திரும்பத் தேய்த்துக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருஷமும் ஆடி அமாவாசை வந்தது. தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையை இவர்தான் துடைத்து வெட்டினார். வழக்கமாக ஒன்றுதான் வெட்டுவார். இந்தமுறை இரண்டை என் கையில் தந்தார்.

"ஒண்டு போதுமே" என்றேன்.

"ரெண்டாப் போடும்."

"மற்றது ஆருக்கு?"

அவர் கத்தியைக் கழுவினார். துடைத்தார். இருந்த இடத்தில் வைத்தார்.

"அண்ணைக்கு" என்றார். பிறகு, நான் சோறு போடத் தொடங்கியதும், "அண்ணிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்" என்றார்.