துரை பங்களாவில் சின்னம்மா

மாடிப்படியில் ஏழாவது பலகையை மிதிக்கக் கூடாது. அந்தப் பங்களாவுக்கு நான் போய்ச் சேர்ந்த அன்று என் அம்மாவின் தங்கையான சின்னம்மா சொன்ன முதல் பேச்சு அதுதான். பார்வைக்கு அது மற்றப் பலகைகளைப் போலவே கறுத்து வழவழப்பாக இருந்தது. குனிந்து விரலால் அழுத்தினேன். நகம் முழுவதும் உள்ளே போயிற்று. மேலே பூசிய மெழுகுதான் பலகையின் வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. உள்ளிருந்த மரத்தைக் கறையான் எப்போதோ தின்று முடித்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, செடெனாக் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். துரையும் துரைசானியும் சீமைக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் சித்தப்பாவை மட்டும் பங்களாவுக்கு ஜாகா பார்க்கச் சொல்லி நிறுத்திவைத்தார்கள். வெளியிலிருந்து காவல் காப்பதுதான் அவர் வேலை. கிராணி வீட்டைப் பூட்டிவிட்டுப் பங்களாவுக்குள்ளேயே குடிபோகலாம் என்று சொன்னது சின்னம்மாதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தங்காக் பக்கத்துத் தோட்டமொன்றில் என் கணவர் காய்ச்சலில் இறந்து மூன்று மாதமாகியிருந்தது. பெற்றவர்களும் இல்லை. போவதற்கு எனக்கு வேறு வீடு கிடையாது.

அந்த வீட்டில் சின்னம்மா பன்னிரண்டு வருடம் ஆயாவாக இருந்தவர். துரைசானியின் இரண்டு பிள்ளைகளும் அவர் இடுப்பில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் முன்படியில் ஏறியதில்லை. குசினிப் பக்கத்துப் படிதான் அவருக்கு. அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே துரைசானிக்குத் தெரிந்திருக்காது.

அழகான வீடு, பொய் சொல்ல மாட்டேன். கதவுகளுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருந்தது. காலையில் அந்த நிறங்கள் தரையில் மெல்ல நகரும். மாடி முழுக்கப் பலகைத் தரை. நடுவில் வெள்ளைக் கொசுவலை போட்ட பெரிய கட்டில். சின்னம்மா நாள் முழுவதும் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைக்கத் துடைக்க உத்தரத்திலிருந்து ரவைபோல் மரத்தூள் உதிரும். சாப்பாட்டுத் தட்டில் விழும், தலைமுடியில் விழும். மத்தியானம் காற்று அடங்கியதும் சுவருக்குள்ளிருந்து சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். வெளியே லாலான் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து முன்படி வரைக்கும் வந்துவிட்டது. சித்தப்பா பகலில் ரப்பர் உலர்த்தும் புகைவீட்டையும் ஆபீசையும் சுற்றிப் பார்க்கப் போய்விடுவார். அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒருநாள் மத்தியானம் குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் யாரோ பேசுவது கேட்டது. சின்னம்மாவின் குரல்தான், ஆனால் அவர் பேச்சு இல்லை. ஏழாவது படியைத் தாண்டி ஏறிப் போய்க் கதவோரம் நின்றேன். கொசுவலைக்குள் தலையணைகளில் சாய்ந்து சின்னம்மா படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

“ஆயா. எங்கே போனது நீ? தண்ணி கொண்டு வா.”

வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் பேசும் தமிழ் அது. சொல்லை மென்று துப்புவது போன்ற பேச்சு. கூப்பிட்டு உலுக்கியிருக்கலாம், சிரித்திருக்கலாம். நான் செய்தது வேறு.

“இந்தா வாரேன்மா,” என்றேன்.

கீழே போய்க் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார். சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல், “புள்ள, கருவாடு சுடட்டா?” என்று கேட்டார்.

அதன் பிறகு மத்தியானம்தோறும் அது நடந்தது. நான் போய் நிற்பேன், விசிறுவேன், ஜன்னலைச் சாத்துவேன். பயந்து பயந்துதான் செய்தேன். சித்தப்பாவிடம் சொல்ல வாயெடுப்பேன். சொன்னால் என்னைத்தான் வெளியே அனுப்புவார்களோ என்று அடங்கிவிடுவேன். இன்னொன்றும் உண்டு. புருஷனைப் பறிகொடுத்த எனக்கு எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாத காலம் அது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கென்று ஒரு இடம் இருந்தது. அழைப்பு வருவதற்கு முன்பே கைகளைக் கழுவிக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினேன்.

மழைக்காலம் வந்தது. கூரை நாலு இடத்தில் ஒழுகியது. கிராணி வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று சித்தப்பா இரண்டு தடவை சொன்னார். “நீங்க போங்க. நான் இங்கதான்,” என்று சின்னம்மா முடித்துவிட்டார். அவரை எதிர்த்துப் பேச சித்தப்பாவால் முடியாது.

விடாமல் மழை பெய்த ஒரு மத்தியானம். தம்ளரோடு அறைக்குள் நாலு அடி வைத்திருப்பேன். சத்தமே இல்லாமல் தரை விட்டுப்போயிற்று. வலது கால் தொடைவரை உள்ளே இறங்கி, கீழே அந்தரத்தில் தொங்கியது. உடைந்த பலகையின் முனை சதையில் ஏறியது, எலும்பும் முறிந்தது. கையிலிருந்த தம்ளர் விழுந்து நொறுங்கியது. என்னைச் சுற்றியிருந்த பலகைகளும் மெதுவாகச் சரியத் தொடங்கின.

“ஆயா,” கட்டிலிலிருந்து குரல் வந்தது. “என்ன சத்தம் அங்கே?”

கால் முறிந்ததைவிட, செத்துப்போவதைவிட, அந்தக் குரலுக்குத்தான் அன்றைக்குப் பயந்தேன்.

“சின்னம்மா,” என்றேன். “சின்னம்மா, நான் உங்க அக்கா மக.”

கொசுவலைக்குள் அவர் அசையாமல் இருந்தார். பிறகு வலை விலகியது.

“ஆடாத புள்ள. அப்படியே இரு.”

அவருடைய சொந்தக் குரல். தரையில் வயிற்றால் ஊர்ந்து வந்தார். கட்டில் விரிப்பை முறுக்கி என் அக்குளுக்கடியில் கொடுத்து, வாசல் பக்கமாகப் பின்னோக்கி நகர்ந்து இழுத்தார். இரண்டு பேரும் வாசற்படியைப் பிடித்த நேரத்தில் அறையின் நடுத்தரை மொத்தமாக இறங்கியது. பெரிய கட்டில் வலையோடு சாய்ந்து கீழே போயிற்று. விழுந்த சத்தத்தைக் காட்டிலும் அதற்கப்புறம் எழும்பிய தூசிதான் எனக்கு நினைவிருக்கிறது. சின்னம்மா அதைப் பார்க்கவில்லை. என் காலிலிருந்து வழிந்த ரத்தத்தை முந்தானையால் அமுக்கிப் பிடித்தபடி, “நான்தான், நான்தான்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கேவா, தெரியவில்லை.

அன்று மாலையே கிராணி வீட்டுக்குத் திரும்பினோம். மூன்று மாதம் நான் நடக்கவில்லை. சின்னம்மாதான் என்னைத் தூக்கி, துடைத்து, ஊட்டினார். மத்தியானங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் பங்களாவின் கூரையும் உள்ளே விழுந்தது. பிறகு எனக்கு மறுமணமாகி ஒரு மகனும் பிறந்தான். இன்று தம்போயில் அந்த மகன் வீட்டில், சிமெண்டுத் தரையில் நடக்கும்போதும் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடியை வைக்கிறேன். மருமகள் அதை மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பங்களா விழுந்த சில வருடங்களில் ரப்பர் விலை ஏறி, புதுத் துரை வந்து இறங்கினார். இளம் மனைவியும் கைக்குழந்தையும் கூட வந்தார்கள். இடிந்து கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார் துரை. அந்தப் பங்களாவில் கடைசியாக யார் குடியிருந்தது என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா உள்ளே திரும்பிப் பார்த்தார்.

சின்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாரும் இல்லன்னு சொல்லுங்க,” என்றார். “அந்த வீட்டுல யாருமே இருந்ததில்லன்னு சொல்லுங்க.”