மோட்டார் போகாத தெரு

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எங்கள் வார்டு கவுன்சிலருக்கு நான் வலதுகை. இருவரும் ஒரே கட்சி. பெருமழையில் தூத்துக்குடி மிதந்தபோது, தண்ணீர் இறைக்க மாநகராட்சி மோட்டார் ஒன்றுதான் வந்தது. எங்கள் தெரு வடிந்ததும், "அடுத்த தெருவுல இடுப்பளவு நிக்கு அண்ணாச்சி, அங்கன கொண்டு போவட்டா?" என்று கேட்டார் மோட்டார்க்காரர்.

"அவனுவ நமக்கா ஓட்டுப் போட்டானுவ? கிடக்கட்டும்" என்றேன்.

மறுநாள் அந்தத் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். அவ்வளவு தண்ணீரில் சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. மனம் உறுத்த, நானும் இறங்கித் தோள் கொடுத்தேன். மாதா கோயில் வாசலில் அவருடைய மகன் என் கையைப் பிடித்து, "கட்சி பாக்காம வந்தியளே அண்ணாச்சி" என்று அழுதார்.

இன்றும் பூசையில் பாவத்தை அறிக்கையிட்டு நெஞ்சில் தட்டும்போது அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறேன்.

இதை யாரிடமாவது சொன்னால், நான் தோள் கொடுத்ததை மட்டும் சொல்லாதீர்கள். மோட்டாரை மறித்ததையும் அப்படியே சொல்லுங்கள்.