ஆயிரம் மீட்டர் ஆழத்து எண்ணிக்கை

கப்பலில் அவருக்குச் செவிடர் என்று பட்டப்பெயர். கடலடியில் மீன் அசைந்தால் தெரியும்; சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மீன்களைக் கணக்கெடுப்பது அவர் வேலை.

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு மலை. வருடத்தில் மூன்று வாரம் பெரிய மீன்கள் முட்டையிட அங்கே கூடும். கப்பல் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கூட்டம் திரையில் மேகம்போலத் தெரியும். என்ன மீன் என்று உறுதிசெய்ய வலை இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் வலை பாறையில் சிக்கிக் கிழிந்தது. காற்றும் பலத்துக்கொண்டிருந்தது. மறுபடி இறக்காமல், மேகம் முழுவதும் பெரிய மீன் என்றே எழுதிவிட்டார். அந்த எண்ணை நம்பி மீன்வள அலுவலகத்தில் படகுகளை மீன்பிடிக்க விட்டார்கள். ஐந்தாம் வருடம் மலை வெறிச்சோடிக் கிடந்தது. முட்டையிடும் வயதை எட்டவே முப்பது வருடம் ஆகும் மீன் அது.

அதே எண்ணைக் காட்டிப் பக்கத்து மலையையும் மீன்பிடிக்கத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, அவர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே தொழிலில் இருந்த மகளைப் பழைய எதிரொலிப் பதிவை எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

பார்த்துவிட்டு வந்தவளை வராந்தாவில் அம்மா மறித்தாள். "போற மனுஷன்டி. கணக்கு சரின்னு சொன்னா உன் வாய் என்ன வெந்தா போகும்?"

மகள் உள்ளே போனாள்.

"என்ன, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? சொல்லு."

"பெரிய மீன் பத்துல ஒரு பங்குதான்ப்பா. மீதியெல்லாம் சின்னது."

சின்ன மீனுக்கு உடம்புக்குள் காற்றுப்பை உண்டு. எதிரொலி பலமாக வரும். பெரியதற்கு வெறும் கொழுப்பு, முனகல்தான் வரும்.

"கத்தினது அவன், மாட்டினது இவனா?" சிரிக்கப் போனவரை இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும் சொன்னார்: "கப்பல்ல இன்னொரு வலை இருந்துச்சும்மா. எல்லாரும் வீட்டுக்குப் போகணும்னு நின்னாங்க. நானும்தான்."

அதையும் சேர்த்தே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் கையெழுத்து கோணலாக விழுந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அலுவலகத்தின் பதில் இரண்டு வரி. கடிதம் கிடைத்தது, படகுகள் போன வாரமே கிளம்பிவிட்டன.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"கிடைச்சுதாம், அம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."