சந்தனம் பட்ட மிஷினுக்கு வாரண்டி இல்லை

அந்த சர்வீஸ் சென்டரை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. திருப்பதிக்கு எந்த வேலையாகப் போனாலும் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன். சுற்றிக்கொண்டுதான் போவேன்.

நகரியில் கதவு, ஜன்னல் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. தங்கையைத் திருச்சானூரில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் புது வீடு கட்டியபோது, தலைவாசல் கதவை என் கையாலேயே செய்து தருகிறேன், தாமரையும் கொடியும் எடுத்துத் தருகிறேன் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் நான்தான் வாயை விட்டேன். அவள் மாமியாருக்கு எங்கள் வீட்டு ஆட்கள் என்றாலே இளக்காரம். தீபாவளிக்கு எடுத்துக்கொண்டு போகிற புடவையைக்கூட உள்புறம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். இந்தக் கதவாவது அவர் வாயை அடைக்கும் என்று தங்கை நம்பினாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அந்தக் கதவுக்காகவே சித்தூரில் ஒரு கடையில் புது ரூட்டர் வாங்கினேன். மரத்தைக் குடைந்து பூவும் கொடியும் எடுக்கிற கைமிஷின் அது. பெரிய கம்பெனி, ஒரு வருஷ வாரண்டி. வாங்கின நாளிலிருந்தே மோட்டார் சூடேறிக்கொண்டுதான் இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். புது மருமகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார், நானும் கேட்டுக்கொண்டு வந்தேன். தேக்குப் பலகையில் முதல் தாமரையின் இதழ்கள் பாதிகூட முடியவில்லை. உள்ளே பொறி பறந்தது, கருகின நாற்றம் அடித்தது, நின்றுவிட்டது.

புத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுத்திருந்தால் கதவை முடித்து அடுத்த வேலையையே நான் ஆரம்பித்திருப்பேன். ஆனால் வெளியாள் ஒரு திருகைக் கழற்றினாலும் வாரண்டி போய்விடும் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த வாரண்டி என்கிற வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

சித்தூர் கடைக்குப் போனேன். விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, ரிப்பேர் எல்லாம் திருப்பதியில் என்றார்கள். திருப்பதிக்குப் போனால், பில்லில் சித்தூர் கடை முத்திரை சரியாக விழவில்லை, மறுபடி போட்டுக்கொண்டு வா என்றார்கள். சித்தூர் வேறு, திருப்பதி வேறு என்று ஜில்லாவைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள் என்று நினைத்திருந்தேன், வாரண்டியையும் சேர்த்துப் பிரித்திருக்கிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி மிஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். கடைசியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் எப்போது போன் செய்தாலும் 'ரேப்பு ரண்டி' என்று ஒரே பாட்டு. நாளைக்கு வா, நாளைக்கு வா. நாளை என்பது அவர்கள் ஊரில் வரவே வராது போலிருக்கிறது.

தை பிறக்கப் போகிற சமயத்தில் ஒருநாள் கூப்பிட்டார்கள். கவுண்டரில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள், ஏதோ சாவுச் சேதி சொல்ல வந்தவனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டு, போனில் ஒரு போட்டோவைக் காட்டினான். என் மிஷின்தான். காற்றுப் போகிற துளைகளில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

"வாரண்டி ராதண்ணா, வராது. மோட்டார்ல வேற பொடி பூந்துக்கினு கீது."

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அது. வைத்தது என் தங்கை. அந்த வருஷம் பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் கதவைச் செய்யப் போகிற மிஷின், இதற்கு நான்தான் வைப்பேன் என்று சொல்லி, சந்தனத்தைக் குழைத்து, மற்ற சாமான்களைவிட இதற்குத் தாராளமாகவே அப்பினாள். எங்கள் பக்கத்தில் எந்த மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுகிறார்கள்? விசைத்தறிக்கு உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, போலீஸ் ஜீப்புக்கும் உண்டு. துளை இருக்கிறதா என்று பார்த்தா வைப்பார்கள்?

அவன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் சோதிக்கிற பெரிய மிஷின் ஒன்று நின்றது. அதன் நெற்றி முழுக்கக் குங்குமம், மேலே வாடின சாமந்தி மாலை. அதைக் காட்டிக் கேட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். கொஞ்சமும் கூசவில்லை.

"அது எங்க ஓனரோடது அண்ணா. அதுக்கு வாரண்டி எப்பவோ முடிஞ்சிபோச்சி."

வாங்கின அன்றே சூடேறின கதையைச் சொன்னேன். அதெல்லாம் சிஸ்டத்தில் ஏறாது என்றான். காசு கொடுத்தால் மாற்றலாம், ஆனால் மோட்டார் சென்னையிலிருந்து வர வேண்டும், பொங்கல் கழித்துத்தான் என்றான். சொல்லிவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, சுவாமி பிரசாதம் எடுத்துக்கோங்க என்று லட்டு ஒரு துண்டு நீட்டினான். அறைந்திருப்பேன். பிரசாதம் ஆயிற்றே, அது என்ன பாவம் செய்தது என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

உளியால் செதுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எனக்கு வராது. கிருகப்பிரவேசத்துக்கு வாரம்கூட இல்லை. தங்கை வீட்டுக்காரர் நல்ல மனிதர். திருப்பதியில் ஒரு ரெடிமேட் கதவைப் பார்த்து வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நகரியிலிருந்து வருகிற மாதிரி நீங்களே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டிவிடுங்கள் என்றார். தங்கையிடம் கடைக் கதவு என்பதை மறைக்கவில்லை; ஆனால் காரணம் கேட்டதற்கு, மோட்டார் கருகிவிட்டது, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் சொன்னேன். சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால், தன் கதவைத் தானே கெடுத்துக்கொண்டதாக ஆயுசுக்கும் நினைப்பாள்.

கதவைக் கொண்டுபோய் மாட்டினேன். கம்ப்யூட்டர் வெட்டின தாமரை. எல்லா இதழும் ஒரே அளவு, மேலே பாகு ஊற்றின மாதிரி வார்னிஷ். என் பட்டறைக்கு யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

விசேஷத்தன்று மாமியார் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதவின் முன்னால் நின்றார். விரலால் இதழ் இதழாகத் தடவிப் பார்த்தார். எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"உன் கையில இவ்ளோ வேல கீதா தம்பி? இத்தினி நாளு தெரியாம பூட்ச்சே. என் பொண்ணு வூட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடு."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"செய்வாரு அத்த. எங்க அண்ணன வுட்டா இத யாரு செய்வாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உண்மை தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர். அதில் அவள் ஒருத்தி மட்டும் அதை மறந்தே போயிருந்தாள். எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, செய்து தருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.