சித்திக்கு மட்டும் திறந்த வாசல்

நடந்தவை, வரிசையாக:

1. நாடு மூடப்பட்ட ஆண்டின் மார்ச் பள்ளி விடுமுறைக்கு, தெற்கே உள்ள ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டமிட்டோம். அப்பா, அம்மா, அக்கா, அக்கா மகள் கவிஷா, நான் என்று ஐந்து பேர். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது.

2. பூங்கா பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஐந்து வவுச்சர் தந்தது.

3. இரண்டு முறை தேதி மாற்றினோம். இரண்டு முறையும் எல்லைகள் மூடப்பட்டன. அதன்பிறகு, ஐந்தில் மூன்று காலாவதியாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. ஒரே நாளில் வாங்கிய ஐந்தில் மூன்று மட்டும் எப்படிக் காலாவதியாகும் என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

4. 2021 அக்டோபரில் மாநில எல்லை திறந்தது. அக்காவுக்குத் தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு கிடைத்தது. மிச்சமிருந்த இரண்டு இடங்களை அக்கா பெயரிலும் கவிஷா பெயரிலும் பதிவு செய்தேன். நான் கார் ஓட்டிக்கொண்டு போய், வெளியே காத்திருப்பதாக ஏற்பாடு.

5. உள்ளே போனது நான். வெளியே நின்றது அக்கா.

ஐந்தாவது வரி எப்படி நேர்ந்தது என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை. பூங்காவின் பெயரை எழுதவில்லை. அவர்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

போவதற்கு முன் சில விவரங்கள். எங்கள் வீடு புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே, செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். அப்பாவும் அம்மாவும் இன்னும் தோட்ட வேலைதான். நான் பாலிடெக்னிக் முடித்து, பக்கத்து எண்ணெய் ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அக்கா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள், தங்குவது விடுதியில். கணவர் பிரிந்துபோனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் கவிஷா வளர்கிறாள். பிள்ளை எங்களோடு லயத்தில் இருக்கிறாள், எட்டு வயது. எங்கள் வீட்டிலிருந்து ரவாங் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் ரவாங் வேறு மாவட்டம். மாவட்ட எல்லையில் தடுப்புப் போட்டிருந்த மாதங்களில் அந்த நாற்பது கிலோமீட்டரை அக்காவால் கடக்க முடியவில்லை. தடுப்பு இல்லாத மாதங்களில் விடுதியில் யாருக்காவது தொற்று என்று கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கவிஷாவுக்கு இரண்டு பல் விழுந்து முளைத்ததை அக்கா வீடியோவில்தான் பார்த்தாள்.

இன்னொரு விவரம். தொற்றுக் காலத்தில் எங்கே போனாலும் கைப்பேசிச் செயலியைக் காட்ட வேண்டும். எங்கள் லயத்தில் பாதிப் பேரிடம் அந்தச் செயலி ஓடும் கைப்பேசி கிடையாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசி இல்லாதவர்கள் எல்லாரையும் ‘சார்ந்திருப்போர்’ என்று என் கணக்கில் பதிந்தேன். உறவு என்ன என்று செயலி கேட்டது. ‘பக்கத்து வீடு’ என்று அதில் இல்லை. பெரியவர்களைப் பெற்றோர் என்றும் சின்னவர்களைப் பிள்ளை என்றும் போட்டேன். செயலியின் கணக்குப்படி எனக்கு ஐந்து அம்மா, மூன்று அப்பா, ஆறு பிள்ளைகள். மூன்று அப்பாக்களில் ஒருவர் தோட்டத்து வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோர் ராஜு மாமா. ஆறு பிள்ளைகளில் ஒருத்தி கவிஷா. அவளைக் கிளினிக்குக்கும் கடைக்கும் கூட்டிப் போகிறவள் நான்தான் என்பதால் அது சரியாகவே இருந்தது.

இனி பயணம்.

காலை ஐந்தரை. அம்மா தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் மூன்று பொட்டலம் கட்டி வைத்திருந்தார். கவிஷா மஞ்சள் சட்டையில் நின்றாள். ரவாங் பாசார் சந்தையில் அக்கா ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை இவளுக்கு அனுப்பியிருந்தாள். ஒன்று பதினைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். கை இறுக்கிப் பிடித்தது, வயிறு லேசாகத் தெரிந்தது. அக்கா தன் நினைவில் இருந்த அளவுக்கு வாங்கியிருக்கிறாள்.

அம்மா காரின் கண்ணாடிப் பக்கம் குனிந்து சொன்னார்: “பிள்ளைய அவகிட்ட விட்டுட்டு நீ கார்லயே இரு. நடுவுல போய் நிக்காத. ஒரு நாளாச்சும் தாயும் பிள்ளையுமா இருக்கட்டும்.”

“எனக்கு டிக்கெட்டே இல்லம்மா. எப்படிப் போய் நிப்பேன்?”

“உன்னையத் தெரியாதா. சன்ஸ்கிரீன் பூசுனியான்னு கேட்க ஓடுவ.”

காரணம் இருந்தது. போன முறை அக்கா வீட்டுக்கு வந்தபோது, இரண்டாம் நாள் காலை சீப்பை எடுத்துக்கொண்டு கவிஷா என்னிடம் வந்தாள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பார்த்தோம்.

ஈஜோக் வழியாக ரவாங். ஆறே முக்காலுக்கு விடுதி வாசல். அக்கா அதே மஞ்சள் சட்டையில் கேட்டுக்கு வெளியே, சாலையோரத்திலேயே நின்றாள். இவ்வளவு முன்னாலேயே ஏன் வந்து நிற்கிறாய் என்று கேட்டதற்கு, “உள்ள நின்னா எதாச்சும் சொல்லி நிப்பாட்டிருவானுங்க” என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்து பிள்ளையின் சட்டையைப் பார்த்தாள்.

“சின்னதாச்சா?”

“சின்னதுதான். பரவால்ல,” என்றாள் கவிஷா. “பெரிய சறுக்குல போறதுக்கு நூத்தி இருபது வேணும்மா. நான் நூத்தி இருபத்தி ரெண்டு. சித்தி சுவத்துல நிக்க வெச்சு அளந்தாங்க.”

“பயப்பட மாட்டியா?”

“நீங்க பயப்படாட்டி நான் பயப்பட மாட்டேன்.”

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வண்டிகள் குறைவு. ஓய்விடத்தில் பெட்ரோல் போட்டேன், லிட்டர் இரண்டு வெள்ளி ஐந்து காசு. தே தாரிக் டீ இரண்டு, மைலோ ஒன்று. பாதி மேசைகளில் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. காரிலேயே குடித்தோம். சிரம்பானைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். கவிஷா அக்காவின் மடியில் கால் முட்டியை வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் சட்டை இன்னொன்றின் மேல் சாய்ந்து, கைப்பேசியில் பூங்காவின் வரைபடத்தைக் காட்டி எதற்குப் பிறகு எது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பயணத்தில் எல்லாம் சரியாக இருந்த பகுதி அதுதான்.

பத்து மணிக்குப் பூங்கா. கார் நிறுத்தப் பத்து வெள்ளி. வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள். பிறகு கவுன்டர். அங்கே இருந்தவள் நம் தமிழ்ப் பெண்தான், இருபது வயது இருக்கும், முகக்கவசத்துக்கு மேல் பிளாஸ்டிக் திரையும் போட்டிருந்தாள்.

“பிள்ளை யாரு பேர்ல இருக்கா?”

“என் பொண்ணு,” என்றாள் அக்கா.

“அது இல்லக்கா. செயலியில யாரு பேர்ல?”

நான் என் கைப்பேசியை நீட்டினேன். அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

“உங்களுக்கு ஆறு பிள்ளைங்களா?”

“எனக்குக் கல்யாணமே ஆகல.”

“அஞ்சு அம்மா போட்டிருக்கு.”

“எங்க லயத்து ஆளுங்க. ஃபோன் இல்லாதவங்க.”

வரிசையில் பின்னால் நின்ற ஓர் ஆள், “பெரிய குடும்பம் லா,” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் கடைசி.

விதி இது: பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, செயலியில் யாருடைய கணக்கில் இருக்கிறதோ அந்தப் பெரியவரோடு மட்டுமே உள்ளே வரலாம். கவிஷா என் கணக்கில். எனக்கு டிக்கெட் இல்லை. அன்றைய எண்ணிக்கை நிறைந்துவிட்டதால் கவுன்டரில் விற்கவும் மாட்டார்கள். ஆகவே அக்கா உள்ளே போகலாம், தனியாக. பிள்ளை போக முடியாது.

அக்கா பையிலிருந்து பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்தாள். நான் சொல்லிக் கொண்டுவந்தது இல்லை. அவளாகவே எடுத்து வந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் வந்தார். மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர் தாய் என்பதில் தமக்குச் சந்தேகமே இல்லை என்றார். ஆனால் சிஸ்டத்தில் பொறுப்பாளர் வேறு ஒருவர் என்றார்.

அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இணையத்தளத்தில் என்றார். அந்தப் பக்கத்தை நான் பதிவு செய்த அன்று அச்சடித்து வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். அதில் முகக்கவசம் இருந்தது, தடுப்பூசி இருந்தது, நீச்சலுடைத் துணி எது என்பது வரை இருந்தது. இந்த விதி இல்லை. போன வாரம் சேர்த்தோம் என்றார். சேர்த்ததைப் பதிவு செய்தவர்களுக்கு ஏன் எழுதவில்லை என்றேன். அது தம் பிரிவு இல்லை என்றார்.

கவுன்டர் ஓரமாக நின்று கவிஷாவை என் கணக்கிலிருந்து நீக்கி அக்கா கணக்கில் சேர்க்க விண்ணப்பித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. பரிசீலனை முடிந்ததும் வாருங்கள் என்றார். எப்போது முடியும்? நாளைக்கு இருக்கலாம் என்றார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். இருபது வெள்ளி கட்டினால் அம்மாவின் டிக்கெட்டைப் பொறுப்பாளர் பெயருக்கு மாற்றித் தருவார்களாம். அதாவது, அக்காவுக்குப் பதில் நான். என்னிடமிருந்த பிள்ளையை அக்காவிடம் மாற்ற ஒரு நாள் வேண்டும். அக்காவிடமிருந்த டிக்கெட்டை என்னிடம் மாற்ற இருபது வெள்ளி போதும்.

“வேணாங்கா. திரும்பிப் போவோம்,” என்றேன்.

“திரும்பிப் போனா யாருக்கு நஷ்டம், அவனுக்கா?” அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “இந்தச் சட்டையப் பாரு. அடுத்த லீவு வர்றதுக்குள்ள இவளுக்கு இந்த ஆசையே இருக்காது. கூட்டிக்கிட்டுப் போ.”

“நடுவுல போய் நிக்காதன்னு அம்மா சொல்லி அனுப்புனாங்கக்கா.”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.” பிள்ளையின் பக்கம் குனிந்தாள். “சித்தியோட போம்மா. அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்.”

தோட்டத்து வாய்க்காலில் பாலத்துக் கைப்பிடி மேல் ஏறி நின்று குதித்தவள் அக்கா. எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

கவிஷா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் தெரிந்த சறுக்கைப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை. இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருந்தவை: சறுக்குகள் ஏழில் திறந்திருந்தவை நான்கு. அலைக் குளம் ஒரு மணிநேரத்துக்கு ஒரு முறை. லாக்கர் பதினைந்து வெள்ளி. உருளைக்கிழங்கு வறுவல் பன்னிரண்டு வெள்ளி. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லாததால் மூன்று பொட்டலமும் காரிலேயே இருந்தன. தண்ணீர் சுத்தமாக இருந்தது. ஊழியர்கள் நல்ல மாதிரி. பெரிய சறுக்கில் கவிஷா நான்கு முறை போனாள். முதல் முறை கீழே வந்து எழுந்தபோது அவள் முகம் இருந்த விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அதைப் பார்க்க வேண்டியவள் நான் இல்லை.

கவனித்த ஒன்று: வாசலைத் தாண்டிய பிறகு ஒருவரும் ஒரு பிள்ளையையும் யாருடையது என்று கேட்கவில்லை. அலைக் குளத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு சிறுமியின் ஆட்களைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தது நான்தான். அவர்களும் என்னைச் செயலியைக் காட்டச் சொல்லவில்லை, நானும் அவர்களைக் கேட்கவில்லை.

மிதவையில் சுற்றிவரும் வாய்க்கால் ஒன்று உண்டு. ஓரிடத்தில் அது கம்பிவேலியை ஒட்டிப் போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம். அக்கா அங்கே நின்றாள். முதல் சுற்றில் கவிஷா எழுந்து நின்று கை காட்டி மிதவையையே கவிழ்த்தாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்தடுத்த சுற்றுகளிலும் கவிஷா கை காட்டினாள். பிறகு ஈப்போவிலிருந்து வந்த ஒரு பிள்ளை சிநேகிதமாகி, இரண்டும் தண்ணீர் அடித்து விளையாட ஆரம்பித்தன. அதன்பின் வேலிப் பக்கம் வந்தபோது கவிஷா திரும்பிப் பார்க்கவில்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் மட்டும் பார்த்தேன். அக்கா அப்போதும் கையை உயர்த்தியபடிதான் நின்றாள்.

மூன்றரைக்கு உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தோம். வெளிவாசலில் புகைப்படம் ஒன்று எடுத்து அச்சடித்துத் தருகிறார்கள், டிக்கெட்டில் சேர்த்தி. வேண்டாம் என்றேன். கவிஷா ஏற்கெனவே போய் நின்றுவிட்டாள். படத்தின் சட்டகத்தில் பூக்களுக்கு நடுவே ‘அம்மாவும் நானும்’ என்று மலாயில் அச்சிட்டிருந்தது. வேறு சட்டகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் என்றால் இதுதான் என்றார்கள்.

காரில் மூன்று பொட்டலமும் கட்டியது கட்டியபடி இருந்தன. நீ ஏன் சாப்பிடவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். “சேந்து சாப்பிடலாம்னு,” என்றாள். சம்பல் கெட்டுவிட்டிருந்தது. ஓய்விடத்தில் ரொட்டி வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம். கவிஷா நான்கு சறுக்கையும் ஒவ்வொன்றாக அக்காவுக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

ரவாங் நெருங்கும்போது அக்கா முன் இருக்கையைத் தொட்டாள். “கோவத்துல லயத்து ஆளுங்க பதிமூணு பேரையும் தூக்கிப் போட்டுறாத. மண்டோரு மாமா கடைக்குப் போவ முடியாது.”

“தூக்க மாட்டேன்.”

“அந்தப் படத்தக் குடு.”

தர மனமில்லாமல் பைக்குள் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். “சிரிக்கிறா பாரு. எல்லாப் பல்லும் தெரியுது,” என்றாள். விடுதிக்கு ஏழரைக்குள் திரும்ப வேண்டும். ஏழே காலுக்கு இறக்கிவிட்டேன். பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தடுப்புகள் எடுக்கப்பட்டிருந்த சாலையில், ஈஜோக் வழியாக, நாற்பது நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போதைய நிலை: கவிஷாவை அக்கா கணக்குக்கு மாற்றும் பரிசீலனை மூன்றாம் நாள் முடிந்தது. என் கணக்கில் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள், இருப்பார்கள். பூங்காவுக்கு அச்சுப் பிரதியோடு இரண்டு முறை எழுதினேன், இருபது வெள்ளி ரசீதையும் இணைத்தேன். கிடைத்துவிட்டதாகத் தானாக வரும் பதில் மட்டும் வந்தது. அக்காவின் அடுத்த லீவு எப்போது என்று தெரியாது. மஞ்சள் சட்டை கவிஷாவுக்கு இப்போது போடவே முடியாது. படத்தை விடுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருப்பதாக அக்கா சொன்னாள். அந்தப் படத்தில் மஞ்சள் சட்டை ஒன்றுதான் இருக்கிறது.