உடைய வேண்டிய கழுத்து

அளவுகோல் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தை, ரயில் டேங்கர் கட்டும் தொழிற்சாலையில், டேங்கர்களின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்திருக்கிறார். சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் எஃகு அளவுகோல் எட்டிப் பார்த்ததால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவருடைய உத்தியோகத்தின் மகிமை வருமாறு: ஆசிட் ஏற்றும் டேங்கரின் அடியில் ஒரு வால்வு உண்டு. அதற்குக் கீழே தொங்கும் குழாய்க்குக் கழுத்து என்று பெயர். அந்தக் கழுத்தைச் சுற்றி, நகம் புதைகிற அளவுக்கு ஒரு பள்ளம், அதாவது காடி, செதுக்கியிருக்க வேண்டும் என்பது விதி. வண்டி தடம் புரண்டு கழுத்து எதிலாவது மோதினால், அது காடியோடு முறிந்து விழுந்துவிடும். மேலே வால்வு மூடியபடி இருக்கும். ஆசிட் ஊருக்குள் உலா வராது. ஆக, ஒரு பொருள் ஒழுங்காக உடையுமா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை.

தையல்காரரான கணவருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

“நான் தையல் பிரியக் கூடாதுன்னு உயிரை விடுறேன். நீ பிரியணும்னு சம்பளம் வாங்குற. நம்மள யாரு சேத்து வச்சது?”

“உங்க சட்டைல ஆசிட் ஏத்துறப்ப சொல்லுங்க, பேசலாம்.”

பன்னிரண்டு டேங்கர்கள் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் டேங்கருக்கு அடியில் புகுந்து விரலால் தடவிய அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காடியைக் காணோம். கழுத்து மொழுமொழுவென்று இருந்தது.

வெல்டிங் பிரிவின் தலைவர், பள்ளத்தைக் கண்டால் கை சும்மா இருக்காத மனிதர், பக்கத்தில் புன்னகையோடு நின்றார்.

“அண்ணே, இதுல இருந்த காடி எங்கண்ணே?”

“அந்தக் கீறலா? பன்னெண்டுலயும் அடைச்சிட்டேம்மா. லேத்காரன் பண்ணின அசிங்கத்தை வெளிய காட்ட முடியுமா? தடவிப் பாரு, வெண்ணெய் மாதிரி!”

“ஐயோ அண்ணே, அது உடையறதுக்குன்னே போட்டது!”

“என் வெல்டிங்கா? முப்பது வருஷத்துல ஒண்ணு உடைஞ்சிருக்கா, சொல்லு?”

“அதாண்ணே பிரச்சினை!”

வழக்கு மேலாளரிடம் போனது. அவர் பூரித்துப் போனார்.

“விதி கேட்டதுக்கு மேலயே பலம் குடுத்திருக்கோம் மேடம். இதுக்கு யாராவது கோவிச்சுக்குவாங்களா? கையெழுத்துப் போடுங்க. முடியலைன்னா சொல்லுங்க, பென்சில் ரப்பர் குடுக்கிற அறைக்கு நல்ல ஆளாத் தேடிட்டு இருக்கேன்.”

இருபத்திரண்டு வருஷம் பென்சில் டப்பாவுக்குள் அடைபடப் பார்த்தது. அக்கா அசரவில்லை.

“ரெண்டு கழுத்தை உடைச்சுக் காட்டுறேன் சார். அப்பறம் நீங்களே சொல்லுங்க.”

ஜெயிக்கப் போவது தானே என்ற நிச்சயத்தில் மேலாளர் சம்மதித்தார்; முன்வரிசையில் நாற்காலி கூடப் போடச் சொன்னார். சோதனைக்கென்று வைத்திருந்த பழைய டேங்கில் இரண்டு வால்வுகளைப் பொருத்தித் தண்ணீர் நிரப்பினார்கள். ஒன்றில் கிடங்கிலிருந்து எடுத்த, காடி உள்ள கழுத்து; மற்றதில் அண்ணன் அதேபோல் அடைத்துக் கொடுத்த இன்னொரு கழுத்து. ஃபோர்க்லிஃப்ட்டின் முனையில் இரும்பு உத்தரம் ஒன்றைக் கட்டினார்கள்.

முதல் இடி. காடிக் கழுத்து ‘டக்’கென்று முறிந்து உருண்டது.

“பாத்தீங்களா, உடைஞ்சிடுச்சு!” மேலாளர் தொடையைத் தட்டினார்.

“உடைஞ்சது சார். தண்ணி எங்க சார்?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தரை காய்ந்து கிடந்தது.

அடுத்து அண்ணனுடைய கழுத்து. ஓர் இடி, அசையவில்லை. இரண்டாவது இடிக்கும் அசையவில்லை. வெல்டிங் பிரிவு விசில் அடித்தது. மூன்றாவது இடியிலும் கழுத்துக்கு ஒரு கீறல் விழவில்லை. ஆனால் அது வால்வையும் டேங்கின் அடித்தகட்டில் ஒரு துண்டையும் கையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது. முன்வரிசை என்பது அதிகாரிகளுக்கானது என்பதைத் தண்ணீர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. அது தண்ணீராக இருந்த ஒரே காரணத்தால் மேலாளர் இன்றும் தம் சொந்தக் கால்களில் நடமாடுகிறார்.

அண்ணன் கழுத்தைத் தூக்கித் துடைத்துப் பார்த்தார். “என் வெல்டிங் உடையலை, பாத்தியா?” என்றார். பிறகு டேங்கில் விழுந்திருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “டேங்கே போயிடுச்சேம்மா.”

“அதுக்குத்தாண்ணே...”

“நீ ஒண்ணும் சொல்லாத. டேய், பன்னெண்டு கழுத்தையும் கழட்டுங்கடா! லேத்காரன் எங்கடா?”

நான்கு நாள் லேத் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அக்கா பன்னிரண்டாவது டேங்கருக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய முகத்தோடு வெளியே வந்து, கடைசிக் கையெழுத்தைப் போட்டார். எஞ்சின் இழுக்க, பன்னிரண்டும் வரிசையாக வாசலைத் தாண்டின. வெல்டிங் பிரிவு மறுபடி விசில் அடித்தது. இந்த முறை அக்காவுக்கு.

சோதனையைத் தாமே முன்னின்று நடத்தியதாக மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார். அக்கா மறுக்கவில்லை, பதிலுக்கு வரைபடத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வாசகத்தை அண்ணன்தான் சொன்னார். மேலாளர், நாலு நாளாகியும் ஈரம் காயாத ஷூவோடு ஒப்புதல் கொடுத்தார். இன்று அந்தத் தொழிற்சாலையின் ஒவ்வொரு வரைபடத்திலும் காடிக்கு அருகில் தடித்த எழுத்தில் இருக்கிறது: ‘இதை யாரும், எவ்வளவு நல்ல மனசோடும், அடைக்கக் கூடாது.’